காயில் திரும்பத் திரும்பப் போகிறதா? குற்றவாளி காயிலாக இல்லாமல் இருக்கலாம்!

பழைய பைக் வைத்திருக்கும் விவசாயிகளுக்கான வழிகாட்டி

நாற்று பறித்து முடிந்து நடவு ஆட்கள் வயலில் இறங்கிவிட்டார்கள். அவர்களுக்குச் சாப்பாடு கொண்டு போக வேண்டும். காலைப் பாலைச் சொசைட்டியில் ஊற்ற வேண்டும். அறுவடைக் காலம் என்றால் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குக் காவல் இருப்பவரை மாற்றிவிட வேண்டும். டெல்டாவில் இத்தனை வேலைக்கும் கைகொடுப்பது பதினைந்து, இருபது வருடம் ஓடிய ஒரு பழைய பைக்தான். அது பாதி வழியில் நின்று, பிளக்கில் கரண்ட் வரவில்லை என்றால் மெக்கானிக் முதலில் சொல்லும் வார்த்தை 'காயில் போச்சு'. புதுக் காயில் மாட்டியதும் வண்டி ஓடும். இரண்டு மாதத்தில் மறுபடியும் நிற்கும். மறுபடியும் ஒரு காயில். காசு போவது ஒரு பக்கம், நடவு நாளில் போகும் அரை நாள் இன்னொரு பக்கம்.

காயிலுக்குள் அசையும் பாகம் எதுவும் இல்லை. தேய்வதற்கும் எதுவும் இல்லை. சரியாக மாட்டிய நல்ல காயில் பல வருடம் உழைக்கும். ஒரே வண்டியில் இரண்டாவது காயிலும் போனால், அதைச் சாகடிக்கும் கோளாறு வண்டியில் வேறெங்கோ இருக்கிறது என்றுதான் பொருள். இல்லையென்றால் காயில் சாகவே இல்லை. வேறு கோளாறுக்கு அதன் மேல் பழி விழுகிறது.

உப்புக் காற்றடிக்கும் ஊர்

மயிலாடுதுறை மாவட்டம், தரங்கம்பாடி வட்டத்தில் இருக்கிறது திருக்கடையூர். வெளியூர்க்காரர்களுக்கு அபிராமி அம்மன் சந்நிதியும் அறுபதாம் கல்யாணமும்தான் ஊரின் அடையாளம். பைக் வைத்திருக்கும் உள்ளூர் விவசாயிக்கு இன்னொரு சங்கதியும் தெரியும். கிழக்கே சில கிலோமீட்டரில் கடல். இரும்பில் எங்கே பெயின்ட் உரிந்தாலும் துரு பிடித்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, வயல் பாதையில் சேறு, அறுவடையில் வைக்கோல் தூசி, கொட்டகையில் எலி. மின்சார இணைப்புகளுக்கு ஆகாத எல்லாமே கடலோர டெல்டாவில் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. பூம்புகார் முதல் வேதாரண்யம் வரை கடலை ஒட்டிய கிராமங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

காயில் என்ன செய்கிறது?

இரும்புத் தகடுகளின் மேல் இரண்டு செம்புக் கம்பிச் சுற்றுகள் இருப்பதுதான் காயில். முதல் சுற்றில் (பிரைமரி) தடித்த கம்பி, சில நூறு சுற்று. இரண்டாவதில் (செகண்டரி) தலைமுடி போன்ற மெல்லிய கம்பி, பல ஆயிரம் சுற்று. முதல் சுற்றில் ஓடும் கரண்ட் சட்டென்று மாறும்போது, இரண்டாவது சுற்றில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் எழுகிறது. அந்த அழுத்தம்தான் பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகிறது. காந்தப்புலம் மாறினால் பக்கத்துக் கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831-ல் கண்டறிந்தார். அதைப் பேட்டரியோடும் பாயிண்டோடும் சேர்த்து மோட்டார் வண்டிக்குப் பொருத்தமாக்கியவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைச் செய்த அவர், ஒரு விவசாயக் குடும்பத்துப் பிள்ளை.

வாய்க்கால் நீரோடு ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும். வாய்க்காலில் நீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. மடை திறந்திருந்தால் நீர் வயலுக்குப் போய்விடும். மடை அடைந்திருந்தால்? கரையில் எங்கே நண்டு வளை இருக்கிறதோ அங்கே அறுத்துக்கொண்டு போகும். காயிலில் எழும் அழுத்தத்துக்கு மடை, பிளக்கின் இடைவெளி. அந்த வழி அடைபட்டால் அழுத்தம் காயிலுக்குள்ளே இருக்கும் மெல்லிய காப்புப் பூச்சைத் துளைத்துக்கொண்டு போகும். ஒருமுறை துளை விழுந்தால் அடுத்தடுத்த பொறியும் அதே வழியைத்தான் தேடும். காயில் திரும்பத் திரும்பச் சாவதில் பெரும்பகுதி இந்தக் கதைதான்.

உங்கள் வண்டி எந்த வகை?

சோதனையைத் தொடங்கும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேட்டரி–பாயிண்ட் வகை: இதற்கு நம் மாநிலத்து உதாரணமே இருக்கிறது. இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைந்தது. இந்திய ராணுவம் வாங்கிய அதே 350 சி.சி. புல்லட், பெரிய மாற்றம் இல்லாமல் பல பத்தாண்டுகள் அங்கே தயாரானது. அதனால்தான் பாயிண்ட், கண்டென்சர், பேட்டரியில் ஓடும் காயில் என்ற பழைய அமைப்பு இன்றும் ஊருக்கு ஒன்றிரண்டு வண்டியிலாவது இருக்கிறது. மைசூரில் தயாரான எஸ்டியும் பேட்டரி–பாயிண்ட் வகைதான். இவற்றில் பேட்டரி கரண்ட் நேராகக் காயிலுக்குப் போகிறது. பாயிண்ட் திறக்கும் நொடியில் பொறி வரும்.

மேக்னட்–பாயிண்ட் வகை: பழைய மொபெட்கள் சிலவற்றில் பாயிண்ட் உண்டு, ஆனால் கரண்ட் மேக்னட்டிலிருந்து வரும். பேட்டரிக்கும் பொறிக்கும் தொடர்பு இல்லை.

சி.டி.ஐ. வகை: 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100, அதே காலத்து யமஹா ஆர்.எக்ஸ். 100, 1994-ல் வந்த ஸ்ப்ளெண்டர் போன்றவை. பாயிண்ட் கிடையாது. சி.டி.ஐ. பெட்டிக்குள் இருக்கும் கண்டென்சர் சுமார் 200, 300 வோல்ட்டுக்கு நிரம்பி, சரியான நேரத்தில் காயிலுக்குள் ஒரே மூச்சில் கொட்டுகிறது. பழைய சி.டி.ஐ. வண்டிகள் பலவற்றில் இந்தக் கரண்ட் மேக்னட் தட்டில் உள்ள தனிச் சுற்றிலிருந்து வரும். பேட்டரியைக் கழற்றினாலும் வண்டி ஓடும். பின்னாளில் வந்த சிலவற்றில் சி.டி.ஐ. பேட்டரியில் ஓடும்.

முதல் கேள்வி: செத்தது காயில்தானா?

ஓடிக்கொண்டிருந்த வண்டி இருபது நிமிடத்தில் நிற்கிறது. அரை மணி நேரம் ஆறினால் மறுபடி ஓடுகிறது. 'காயில் சூடேறிப் போகுது' என்று உடனே முடிவு கட்டுவது வழக்கம். இதே அறிகுறியைக் காட்டும் கோளாறுகள் வேறு நான்காவது உண்டு. பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைப்பு, பாயிண்ட் வண்டியில் பழுதான கண்டென்சர், சி.டி.ஐ. வண்டியில் மேக்னட் தட்டுச் சுற்றுகள், சி.டி.ஐ. பெட்டி ஆகியவை அவை.

அதனால் வண்டி நின்ற இடத்திலேயே, ஆறுவதற்குள், இரண்டு காரியம் செய்ய வேண்டும். முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, சற்று நேரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆனால் குறை மூடியில். காயிலுக்குச் சம்பந்தமே இல்லை. ஆகவில்லையென்றால் மூடியைத் திரும்ப இறுக மூடிவிட்டுப் பொறியைப் பாருங்கள்.

பொறி பார்க்க வண்டியில் எப்போதும் ஒரு நல்ல உபரி பிளக் இருக்கட்டும். என்ஜினில் உள்ள பிளக்கைக் கழற்ற வேண்டாம். கேப்பை மட்டும் உருவி, உபரி பிளக்கில் மாட்டி, அதன் இரும்பு உடம்பு என்ஜின் ஹெட்டில் நன்றாகப் படும்படி வைத்துக் கிக் அடியுங்கள். என்ஜின் பிளக் அதன் துளையிலேயே இருப்பதால் பெட்ரோல் ஆவி வெளியே வந்து தீப்பிடிக்கும் ஆபத்து இல்லை. கையால் பிளக்கைப் பிடிக்கக் கூடாது. நீலமாக, 'டக் டக்' என்று பொறி வந்தால் இக்னிஷன் சரி. மங்கிய மஞ்சளாக வந்தாலோ, வராவிட்டாலோ மட்டும் மேலே தேட வேண்டும்.

இங்கே ஒரு தவறான பழக்கத்தையும் சொல்ல வேண்டும். வண்டி ஓடும்போதே கேப்பை உருவிப் பார்ப்பது, வயரை இரும்பிலிருந்து அரை அங்குலம் தள்ளிப் பிடித்துப் பொறி எவ்வளவு தூரம் தாவுகிறது என்று பார்ப்பது. மடையை அடைத்துவிட்டு வாய்க்காலை நிரப்புவது போன்ற வேலை இது. நல்ல காயிலையும் அந்தச் சோதனையே கெடுத்துவிடும். சி.டி.ஐ. பெட்டியும் கூடச் சேர்ந்து போகலாம்.

மீட்டர் வைத்துப் பார்ப்பது

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் வண்டிக்கும் மோட்டார் கொட்டகைக்கும் உதவும். சாவியை ஆஃப் செய்து, காயிலின் வயர்களைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். முதலில் மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அது காட்டும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். காயிலின் அளவிலிருந்து அதைக் கழிக்க வேண்டும்.

12 வோல்ட் பேட்டரி–பாயிண்ட் காயிலின் முதல் சுற்று பொதுவாக 3 முதல் 4.5 ஓம் வரை காட்டும். 6 வோல்ட் காயில் சுமார் 1.5 முதல் 2 ஓம். சி.டி.ஐ. காயில் பெரும்பாலும் 1 ஓமுக்கும் கீழே. பிளக் கேப்பைத் திருகிக் கழற்றிவிட்டு, தடித்த வயரின் முனைக்கும் எர்த்துக்கும் (அல்லது முதல் சுற்றின் முனைக்கும்) இடையே அளந்தால் செகண்டரி சில ஆயிரம் ஓம் முதல் பத்தாயிரத்தை ஒட்டி, சிலவற்றில் அதற்கு மேலும் காட்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்தான் இறுதியானது. கையேடு இல்லையென்றால் நன்றாக ஓடும் அதே மாடல் வண்டியில் அளந்து ஒப்பிடுங்கள்.

ஆறிய நிலையில் ஒருமுறை, வண்டி நின்ற சூட்டில் ஒருமுறை அளப்பது நல்லது. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் சுமார் 0.4 சதவிகிதம் ஏறும். 50 டிகிரி ஏறினால் 20 சதவிகிதம். அதாவது 10,000 ஓம் 12,000 ஆவது இயல்பு. சூட்டில் மீட்டர் எதுவுமே காட்டாமல் போய், ஆறியதும் மறுபடி காட்டினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. அந்தக் காயில் நிஜமாகவே பழுது.

மீட்டருக்கும் ஒரு எல்லை உண்டு. அது சில வோல்ட்டில்தான் அளக்கிறது. பத்தாயிரம் வோல்ட்டில் காப்பு ஒழுகுவதை அது காட்டாது. எண் சரியாக இருந்தும் சந்தேகம் தீரவில்லையென்றால், ஓடும் வண்டியிலிருந்து அதே வகைக் காயிலைக் கழற்றி மாட்டிப் பார்ப்பதே முடிவான சோதனை.

காயிலைச் சாகடிக்கும் ஏழு காரணங்கள்

1. அகன்ற பிளக் இடைவெளி. பிளக் தேயத் தேய இடைவெளி அகலும். அதைத் தாண்ட அதிக வோல்ட் வேண்டும். அந்தச் சுமை முழுவதும் காயிலின் காப்பு மீது. பல பழைய வண்டிகளுக்கு 0.6 முதல் 0.7 மி.மீ. இடைவெளி போதும். ஃபில்லர் கேஜ் வைத்துச் சரிபார்க்க ஐந்து நிமிடம் ஆகாது.

2. பழுதான பிளக் கேப். பல கேப்புகளுக்குள் சுமார் 5,000 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. அது எரிந்து அறுந்தாலும் பொறி உள்ளுக்குள்ளேயே தாவிக்கொண்டு கொஞ்ச நாள் ஓடும். வண்டிக்காரருக்குத் தெரியாது, காயிலுக்குத் தெரியும். கேப்பைத் திருகிக் கழற்றி இரு முனைகளிலும் அளந்து பாருங்கள். எதுவும் காட்டாவிட்டால் கேப்பை மாற்றுங்கள். வயர் முனை பச்சை பூத்திருந்தால் கால் அங்குலம் வெட்டிவிட்டு, புதுச் செம்பில் திருக வேண்டும். காயிலை மாற்றிவிட்டுப் பழைய கேப்பையே மாட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

3. பொருந்தாத காயில். கடையில் 'பைக் காயில்' என்று கேட்டு வாங்கி மாட்டுவது. 6 வோல்ட் காயிலின் முதல் சுற்று 1.5 ஓம் என்றால் 6 வோல்ட்டில் 4 ஆம்பியர், 24 வாட் சூடு. அதையே 12 வோல்ட் வண்டியில் மாட்டினால் 8 ஆம்பியர், 96 வாட், நான்கு மடங்கு. பாயிண்ட் மூடி இருக்கும் நேரமெல்லாம் இந்தக் கணக்கு. அரை ஓம் உள்ள சி.டி.ஐ. காயிலைப் பாயிண்ட் வண்டியில் மாட்டினால் இன்னும் மோசம்; பாயிண்டும் கருகும். வடிவமும் போல்ட் துளையும் ஒன்றாக இருப்பது பொருத்தத்துக்கு அத்தாட்சி அல்ல. கடையிலேயே மீட்டர் வைத்து அளந்து, பில்லோடு வாங்குங்கள்.

4. சாவி ஆனில் நின்ற வண்டி. இது பேட்டரி–பாயிண்ட் வண்டிகளுக்கு மட்டும். என்ஜின் நின்ற நிலையில் பாயிண்ட் மூடியிருந்தால், சாவி ஆனில் இருக்கும்வரை கரண்ட் நிற்காமல் ஓடும். 12 வோல்ட், 3.5 ஓம் என்றால் சுமார் 40 வாட். ஒரு ஹெட்லைட் பல்பின் சூடு காற்றுப் போகாத டப்பாவுக்குள். வரப்போரம் வண்டி தானாக அணைந்ததும் சாவியை மறந்து மடை பார்க்கப் போய்விட்டால் பேட்டரியும் இறங்கும், காயிலும் வேகும். வீட்டுப் பிள்ளைகள் சாவியைத் திருகி விளையாடுவதும் இதில் சேரும். பழைய புல்லட்டின் ஹெட்லைட் மேல் உள்ள ஆம்பியர் முள் இதற்கு நல்ல காவல்காரன். சாவி ஆனில், விளக்கு அணைந்திருக்கும்போது முள் கழித்தல் பக்கம் சாய்ந்தே நின்றால், பாயிண்ட் மூடியிருக்கிறது என்று அர்த்தம்.

5. எகிறும் சார்ஜிங். 12 வோல்ட் வண்டியில் என்ஜின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருப்பது நலம். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றுவதும் பல்பு அடிக்கடி போவதும் இதன் அடையாளங்கள். பேட்டரி முனை தளர்ந்திருந்தாலும் வோல்ட் துள்ளும். பேட்டரி இல்லாமல் ஓடும் சி.டி.ஐ. வண்டிக்கு இந்தக் காரணம் பொருந்தாது.

6. கெட்ட எர்த். சி.டி.ஐ. காயில் பலவற்றில் அதன் இரும்புச் சட்டமே எர்த். போல்ட் வழியாகத்தான் வண்டிச் சட்டத்தோடு இணைப்பு. அங்கே துருவோ பெயின்டோ இருந்தால் வழி தடைபடும். காயில் சட்டத்துக்கும் என்ஜினுக்கும் இடையே மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். வண்டிக்குப் பெயின்ட் அடித்த பிறகு காயில் கோளாறு தொடங்கியதென்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

7. சூடும் அதிர்வும். காயிலின் ரப்பர் புஷ் தேய்ந்து, ஒரு போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தால் உள் கம்பி அதிர்ந்தே அறுந்துபோகும். இரண்டு போல்ட்டும் இருக்க வேண்டும். என்ஜினை ஒட்டிக் காயில் உட்காரக் கூடாது.

கண்டென்சரைப் பற்றி ஒரு வார்த்தை. பாயிண்ட் வண்டியில் அது பழுதானால் பாயிண்டில் பெரிய பொறி பறக்கும், முனை கருகும், பிளக்கில் பொறி மங்கும். பார்ப்பவர் காயிலைக் குறை சொல்வார். விலை குறைந்த பாகம் என்பதால் காயிலில் கை வைக்கும் முன் கண்டென்சரை மாற்றிப் பார்ப்பது லாபம்.

கடலோர டெல்டாவுக்குச் சில தனிக் குறிப்புகள்

உப்பும் சேறும் சேர்ந்து பிளக் வயரின் மேல் படிந்தால், ஈரத்தில் அதுவே மின்சாரத்துக்குப் பாதையாகிவிடும். இரவில் விளக்கில்லாத இடத்தில் வண்டியை ஓடவிட்டு, டேங்கின் அடியை எட்ட நின்று பாருங்கள். வயரிலிருந்தோ காயில் உடம்பிலிருந்தோ நீலப் பொறி ஊர்ந்தால் அங்கே ஒழுக்கு இருக்கிறது. மெல்லிய கருங்கோடு விழுந்திருந்தால் துடைத்துப் பயனில்லை. அந்தப் பாகத்தை மாற்ற வேண்டியதுதான்.

வண்டியைக் கழுவும்போது டேங்குக்கு அடியில் அழுத்தமான தண்ணீரைப் பாய்ச்ச வேண்டாம். நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்து, நிழலில் காயவிட்டால் போதும். மழைக்காலத்துக்கு முன், புரட்டாசியிலேயே, காயிலின் போல்ட்டுகளையும் முனைகளையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவிவிடுங்கள். தேய்க்காமல் துருவின் மேலேயே தடவினால் பலன் இல்லை.

வைக்கோல் போருக்கு அருகே நிறுத்தும் வண்டியில் எலி வயரைக் கடிக்கும். ஒரே ஒரு இழையில் ஒட்டிக்கொண்டிருக்கும் வயர், அதிர்வில் விட்டு விட்டு இணையும். 'சில நாள் ஓடுது, சில நாள் ஓடலை' என்ற குறைக்கு இது ஒரு பொதுவான காரணம். சாவியிலிருந்து காயில் வரை வயரை விரலால் வருடிக்கொண்டே போய்ப் பாருங்கள். ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் வயர் உரசித் தேய்ந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

வெள்ளத்தில் முழுகிய வண்டியை உடனே கிக் அடிக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றி, கேப்பையும் முனைகளையும் நன்றாக உலர்த்தி, பாயிண்ட் அல்லது மேக்னட் மூடியைத் திறந்து ஈரம் போன பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். என்ஜின் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம்

பயிருக்கு எந்தத் தேதியில் என்ன தெளித்தோம் என்று குறிப்பது போல வண்டிக்கும் குறித்து வையுங்கள். காயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், நின்றபோது வெயிலா மழையா, எத்தனை நிமிடம் ஓடி நின்றது, கழுவிய மறுநாளா. நான்கு தடவை எழுதினால் கோளாறு தன் முகத்தைக் காட்டிவிடும். மத்தியானச் சூட்டில் மட்டும் நின்றால் சுற்றுகளையும் கண்டென்சரையும் பாருங்கள். மழையில் மட்டும் நின்றால் கேப், வயர். குழியில் இறங்கி ஏறும்போது நின்றால் தளர்ந்த இணைப்பு. நோட்டைக் காட்டினால் மெக்கானிக்கும் குறி வைத்துத் தேடுவார். ஊகத்தில் பாகம் மாற்றும் செலவு குறையும்.

காயிலோடு நிற்பதில்லை

பவர் ஸ்பிரேயர், களை வெட்டும் கருவி இவற்றின் சிறு பெட்ரோல் என்ஜினிலும் காயில் உண்டு. அது சுழலும் மேக்னட் சக்கரத்தை ஒட்டி நிற்கும். இடைவெளி பல கருவிகளில் சுமார் 0.3 மி.மீ.; ஒரு விசிட்டிங் கார்டின் கனம். போல்ட்டைத் தளர்த்தி, கார்டை இடையில் வைத்து, காயிலை மேக்னட் இழுத்துக்கொள்ளவிட்டு இறுக்கினால் சரியாக அமையும். பொறி வரவில்லையென்றால் ஸ்டாப் சுவிட்சுக்குப் போகும் வயரை முதலில் கழற்றிவிட்டுப் பாருங்கள். அந்த வயர் உரசி உடம்பில் பட்டிருந்தாலே பொறி நின்றுவிடும். காயில் நன்றாகவே இருக்கும். மருந்து பட்ட கருவியைத் துடைக்காமல் வைத்தால் முனைகள் அரித்துப்போவதும் சாதாரணம்.

வாசகர் கேள்விகள்

மழை பெய்தால் மட்டும் மிஸ்ஸிங் அடிக்கிறது. காயிலை மாற்ற வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். பிளக் கேப்பின் ரப்பர் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். கேப்பையும், தனியாகக் கழற்ற முடிந்தால் வயரையும் மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரவுச் சோதனையில் காயில் உடம்பிலேயே பொறி ஊர்ந்தால் மட்டும் காயில்.

பழைய புல்லட்டில் பாயிண்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா?

போடலாம். பாயிண்ட் தேயும் தொல்லை இருக்காது. ஆனால் அந்த அமைப்பு கேட்கும் ஓம் அளவுள்ள காயில்தான் போட வேண்டும். பேட்டரியும் சார்ஜிங்கும் நன்றாக இருக்க வேண்டும். கெட்ட எர்த்தையும் எகிறும் வோல்ட்டையும் வைத்துக்கொண்டு மாற்றினால் புது யூனிட்டும் போய்விடும். கழற்றிய பாயிண்ட் தட்டைப் பத்திரமாக வையுங்கள்; வழியில் நின்றால் உள்ளூர் மெக்கானிக் அதை வைத்து வீடு சேர்த்துவிடுவார்.

காயிலும் புதிது, பிளக்கும் புதிது. ஆனாலும் சூட்டில் நிற்கிறது. சி.டி.ஐ. வண்டி.

மேக்னட் தட்டில் உள்ள சுற்றுகளைச் சூட்டோடு அளக்கச் சொல்லுங்கள். பொதுவாக அவை சில நூறு ஓமுக்குள் இருக்கும். அளவு வண்டிக்கு வண்டி மாறும். ஆறிய அளவுக்கும் சூட்டு அளவுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் குறை அங்கே. அதுவும் சரியென்றால் கடைசியாகச் சி.டி.ஐ. பெட்டியை, இன்னொரு வண்டியிலிருந்து கழற்றி மாட்டிப் பாருங்கள்.

கழற்றிய பழைய காயிலை என்ன செய்வது?

எறிய வேண்டாம். மேலே சொன்ன ஏழையும் சரிசெய்த பிறகு அதையே திரும்ப மாட்டிப் பாருங்கள். ஓடினால் அது சாகவே இல்லை. டூல்ஸ் பெட்டியில் உபரியாக இருக்கட்டும்.

அடுத்த முறை யாராவது 'காயில் போச்சு' என்றால் கடைக்கு ஓடும் முன் வரிசை இதுதான்: டேங்க் மூடி, உபரி பிளக்கில் பொறி, பிளக் இடைவெளி, கேப், எர்த், வயர், பாயிண்ட் வண்டி என்றால் கண்டென்சர், பேட்டரி வண்டி என்றால் சார்ஜிங் வோல்ட். காயில் இந்த வரிசையின் கடைசியில் வரட்டும். ஆடி மாதம் ஓய்வாக இருக்கும் ஒரு மாலையில் இதைச் செய்து முடித்தால், ஐப்பசி மழையில் நடுரோட்டில் வண்டியைத் தள்ள வேண்டியிருக்காது.